நம் ஊர் நூலகம் யாருக்காக?



உங்கள் பிள்ளைகளை ஊர் நூலகத்திற்குக் கடைசியாக எப்போது அழைத்துச் சென்றீர்கள்? சற்றே எண்ணிப் பாருங்கள்.

நூலகம் எட்டாத தொலைவில் இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்திலேயே, 1931 ஆம் ஆண்டில், மன்னார்குடியைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அனுப்பி வைத்தார். அதே ஆண்டில், சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவற்றுள் முதலாவது.

பிற்காலத்தில் நூலகம் நம் தெருவுக்கே வந்தது. 2006 இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ்த் தமிழகத்தின் ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் அவற்றுள் பல, நாளடைவில் பூட்டிக் கிடந்தன. வருவாரில்லை என்று கதவு மூடப்பட்டது. கதவு மூடியிருந்ததால் வருவாரும் இல்லை. இத்தனைக்கும், 1948 ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி, நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. நம் பணத்தில் வாங்கிய நூல்களைக் கரையான் தின்ன விடலாமா?

இதில் பெரிதும் இழப்பவர்கள் நம் பெண் மக்களே. ஆண் பிள்ளைகள் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் நூலகத்தை எட்டியேனும் பார்ப்பர். பெண் பிள்ளைகளோ வயதுக்கு வந்ததும் அந்த வாசலையே மறந்து விடுகின்றனர். பல இல்லங்களில் அவர்களைத் தடுப்பாரில்லை. அழைத்துச் செல்வாரும் இல்லை.

தாய்மார்களே! நீங்கள் முதலில் உறுப்பினராகுங்கள். விடுமுறை நாளில் மகளின் கரம் பற்றி நூலகத்திற்குச் செல்லுங்கள். எந்த நூல் வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். படக்கதையை எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள், அதுவே முதற்படி. படித்து முடித்ததும் கேள்வி கேட்டுத் தேர்வு நடத்தாதீர்கள். கண்பார்வை மங்கிய உம்மம்மாவுக்குப் பேத்தி உரக்க வாசித்துக் காட்டட்டும். இருவருக்கும் அது இன்பம்.

தந்தையர்களே! நூலகம் பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஊராட்சித் தலைவரிடம் சென்று, எந்த நேரத்தில் திறக்கப்படும் என்று கேளுங்கள். கிராம சபைக் கூட்டத்திலும் எழுந்து கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. நூலகம் திறந்த அன்று முதல் ஆளாக உங்கள் பிள்ளை உள்ளே நுழையட்டும். பிள்ளைகள் நாள்தோறும் வரும் நூலகத்தைப் பூட்டி வைக்க யாருக்கும் எளிதில் மனம் வராது.