கடைசி ஒரு ஸ்டிக்கருக்கு 5 பவுண்ட் கொடுக்கலாமா? கணக்கு என்ன சொல்லுது?

2022 கத்தார் கால்பந்து உலகக்கோப்பைக்காக பனினி நிறுவனம் வெளியிட்ட ஆல்பத்தில் மொத்தம் 670 ஸ்டிக்கர்கள். ஒரு பாக்கெட்டில் 5 இருக்கும். பிரிட்டனில் 2022-ல் பாக்கெட் விலை 90 பென்ஸாக இருந்தது. 669 ஒட்டியாச்சு, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதை வச்சிருப்பவர் 5 பவுண்ட் கேட்டால்?

பாக்கெட்டே வாங்கிப் பார்த்தால்?

எல்லா ஸ்டிக்கரும் சம அளவில் அச்சாவதாக வைத்துக்கொள்வோம். கேட்ட ஸ்டிக்கர் ஒரு பாக்கெட்டில் இருக்க 134-ல் ஒரு வாய்ப்புதான். சராசரியாக 134 பாக்கெட், அதாவது சுமார் 120 பவுண்ட் செலவாகும். அதற்கு 5 பவுண்ட் எவ்வளவோ தேவலை.

பாக்கெட் வாங்குவதை எப்போ நிறுத்தணும்?

67 ஸ்டிக்கர் பாக்கி இருக்கும்போதே புதுசா ஒண்ணு கிடைக்க சராசரியாக 2 பாக்கெட் ஆகும். அதாவது ஒரு ஸ்டிக்கருக்கு 1.80 பவுண்ட். அதைவிடக் குறைவாகத் தனியே கிடைத்தால், பாக்கெட்டை விட்டுடலாம்.

உடனே 5 பவுண்ட் கொடுத்துடலாமா?

அவசரம் வேண்டாம். டூப்ளிகேட்டை நண்பர்களிடம் மாத்திக்கலாம். விடுபட்ட ஸ்டிக்கர்களை பனினியே தனியாக விற்பதும் உண்டு. தபால் செலவோடு அது எவ்வளவு ஆகும்னு பாருங்க. அதைத் தாண்டிக் கொடுப்பதுதான் நஷ்டம். பழைய ஆல்பம், இந்த வழிகள் எல்லாம் அடைபட்டாச்சு என்றால் மட்டும் கூடுதல் விலையை யோசிக்கலாம்.

இதையும் கவனிங்க!

மெஸ்ஸி போன்ற நட்சத்திரங்களின் தங்க நிற 'எக்ஸ்ட்ரா ஸ்டிக்கர்' அந்த 670-ல் சேராது. ஆல்பத்தை முடிக்க அது தேவையே இல்லை.