அப்பா விட்டுச் சென்ற கீபோர்டுகள்... ஏ.ஆர்.ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகரின் கதை!

சென்னையில் ஒரு வீடு. குடும்பத்தலைவர் காலமாகிவிட்டார். மனைவி, மூன்று மகள்கள், ஒன்பது வயதில் ஒரு மகன். பெரிய சொத்து எதுவும் இல்லை. அவர் வாசித்த கீபோர்டுகளும் மற்ற இசைக்கருவிகளும் மட்டும் இருந்தன. அவற்றை வாடகைக்கு விட்டுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்தச் சிறுவன் திலீப் குமார். இன்று உலகமே அறிந்த ஏ.ஆர்.ரஹ்மான். ஆனால், அந்தக் கீபோர்டுகளை வாங்கி வைத்த அப்பா ஆர்.கே.சேகரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? செப்டம்பர் 30 அவரின் நினைவு நாள்.

பெயர் தெரியாத உழைப்பு

1960-களிலும் 70-களிலும் மலையாளப் படப் பாடல்கள் பெரும்பாலும் சென்னை ஸ்டுடியோக்களில்தான் பதிவாகின. இசையமைப்பாளர் மெட்டைப் போட்டுக் கொடுத்தால், எந்த இடத்தில் வயலின் வரவேண்டும், எங்கே புல்லாங்குழல் நுழைய வேண்டும் என்று நோட்ஸ் எழுதி, கலைஞர்களை வழிநடத்த ஒருவர் வேண்டும். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்த காலம் அது. நடுவில் ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பொறுப்பான வேலையைத்தான் சேகர் பார்த்தார். பாட்டு ஹிட்டானாலும் ரசிகர்களுக்கு இவர் பெயர் தெரியாது.

1964-ல் வெளியான 'பழசி ராஜா' என்ற மலையாளப் படத்தின் மூலம் இசையமைப்பாளராகவும் ஆனார். அதன் பிறகும் மற்றவர்களின் படங்களுக்கு வேலை பார்ப்பதை அவர் விடவில்லை. ஒரே நேரத்தில் பல படங்கள், பல ஸ்டுடியோக்கள் என்று ஓடிக்கொண்டே இருந்தார். எல்லாம் குடும்பத்துக்காக!

மகன் நான்கு வயதிலேயே பியானோ பழகத் தொடங்கினான். அப்பாவோடு ஸ்டுடியோவுக்கும் போனான். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத பாடத்தை அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டான்.

"என் பையன் பார்த்துப்பான்!"

ஓய்வில்லாத உழைப்பு உடம்பைப் பாதித்தது. தன் சிறுவயது நினைவுகளில் ஆஸ்பத்திரிதான் அதிகம் என்று ரஹ்மானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1976-ல் சேகர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 43 மட்டுமே.

'கருவிகளை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் வரும் வட்டியில் காலத்தை ஓட்டுங்கள்' என்று அம்மாவுக்கு யோசனை சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். என் பையன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்பதுதான் அந்தத் தாயின் பதில்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றாலும், திலீப் கீபோர்டு கலைஞராக ஸ்டுடியோக்களில் ஏறி இறங்கினார். சேகரின் நண்பரான மலையாள இசையமைப்பாளர் எம்.கே.அர்ஜுனன், நண்பரின் மகனைத் தன் இசைக்குழுவில் வாசிக்க வைத்தார். பிறகு வீட்டிலேயே ஸ்டுடியோ அமைத்தபோது, கருவிகள் வாங்கப் பணமில்லை. அம்மா தன் நகைகளைக் கொடுத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. 2009-ல் இரண்டு ஆஸ்கர் விருதுகள் வந்தன.

சொல்லாமல் சொன்ன பாடம்

அப்பாவிடமிருந்து ரஹ்மான் எடுத்துக்கொண்டது இசையை மட்டுமல்ல. 'ரோஜா'வுக்குப் பிறகு வாய்ப்புகள் குவிந்தன. 35 படங்கள் வந்தபோது இரண்டை மட்டுமே ஒப்புக்கொண்டதாக 2018-ல் ஒரு பேட்டியில் சொன்னார். 'இப்படி இருந்தால் எப்படிப் பிழைப்பாய்?' என்று பலரும் கேட்டார்களாம். அப்பாவின் மரணமும், அவர் வேலை பார்த்த விதமும்தான் அந்த முடிவுக்குக் காரணம் என்றார் ரஹ்மான்.

சேகர் அன்று ஓடியதில் தவறு காண முடியாது. நான்கு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எந்த அப்பாவும் அப்படித்தான் ஓடுவார். அவர் சேர்த்துவைத்த கருவிகள் அவர் போன பிறகும் குடும்பத்துக்குச் சோறு போட்டன. ஆனால், அந்தப் பிள்ளைகளுக்குக் கீபோர்டோடு சேர்த்து அப்பாவும் வேண்டியிருந்தது.

இன்று அந்தக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையும் இசையில் இருக்கிறது. மகள் ரைஹானாவின் மகன் ஜி.வி.பிரகாஷ் இசையமைப்பாளர். ரஹ்மானின் மகள் கதீஜா 'மின்மினி' படத்துக்கு இசையமைத்தார். மகன் அமீன் பாடுகிறார். தாத்தாவின் மடியில் உட்கார்ந்து பியானோ பழகும் வாய்ப்பு மட்டும் இந்தப் பேரப்பிள்ளைகளில் யாருக்கும் கிடைக்கவில்லை.

இரவு லேட்டாக வீடு திரும்பும் அப்பா உங்கள் வீட்டிலும் இருக்கிறாரா? இன்றைக்கு ஒரு போன் போட்டு, "சாப்பிட்டீங்களாப்பா, சீக்கிரம் வாங்க" என்று சொல்லுங்கள்.