வேன் மாமா நல்லவர்தான்... வேனுக்கு எப்.சி. இருக்கிறதா?



மே மாதம் பிறந்தால் போதும்... மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு மைதானத்தில் பள்ளிக்கூட பஸ்களை வரிசையாக நிறுத்தி வைத்து, வருவாய்த்துறை, ஆர்.டி.ஓ., போலீஸ், கல்வித்துறை அதிகாரிகள் எல்லோரும் சேர்ந்து ஆய்வு செய்கிற படம் பேப்பரில் வந்துவிடும். அவசர வழிக் கதவு திறக்கிறதா, முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து இருக்கிறதா, கேமரா வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால், அந்த மைதானத்துக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் பேரில் ஓடுகிற வண்டிகள். பஸ் பீஸ் கட்டுப்படியாகாமலும், பஸ் நம்ம சந்துக்குள் வராததாலும், நாமே மாதச் சம்பளம் பேசி வைத்துக் கொள்கிறோமே வேனும் ஆட்டோவும், அதை யார் பார்ப்பது? இதைப் பற்றி வாசகிகளோடு பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2012 ஜூலையில் சென்னை தாம்பரம் பக்கத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தை, ஓடுகிற பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, அதே பஸ்ஸின் பின் சக்கரத்தில் சிக்கி உயிரை விட்டது. வயிறு பதறுகிறது இல்லையா? அதைவிடப் பதற வைத்த செய்தி, அந்த பஸ்ஸுக்கு அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எப்.சி., அதாவது தகுதிச் சான்று, கொடுத்திருந்தார்கள் என்பது. ஐகோர்ட்டே தானாக முன்வந்து விசாரித்தது. அந்த வருஷமே தமிழக அரசு பள்ளி பஸ்களுக்கென்று தனி விதிகள் கொண்டு வந்தது. மஞ்சள் வர்ணம், மணிக்கு 40 கிலோ மீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், தாழ்வான படி, அவசர வழி எல்லாம் அதில்தான் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பக்கம் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சின்னப் பையன் இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமரா வைக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு வீட்டுப் பிள்ளை இருக்கிறது பாருங்கள்!

சரி, எப்.சி. என்றால் என்ன? வாடகைக்கு, கூலிக்கு ஓடுகிற எந்த வண்டியும் ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துக் கொடுக்கும் சான்று. பிரேக், ஸ்டியரிங், டயர், லைட், ஹாரன், வைப்பர், சீட், பாடி, புகை என்று பார்ப்பார்கள். புது வண்டிக்கு இரண்டு வருஷம் செல்லும். வண்டிக்கு எட்டு வயசு ஆகிற வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இது வெறும் சடங்கு இல்லை. எப்.சி. இல்லாத வாடகை வண்டியை, முறையாகப் பதிவு செய்த வண்டியாகவே 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் கணக்கில் எடுக்காது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் முதலில் தேடுவதும் இந்தத் தேதியைத்தான்.

எங்கள் திருச்சிக் கதைக்கு வருகிறேன். என் மகள் இந்த வருஷம்தான் இரண்டாம் வகுப்பு. அதுவரை நானே ஸ்கூட்டியில் கொண்டு விட்டுக் கொண்டிருந்தேன். மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதால் காலையில் வீட்டை விட்டு நகர முடியாத நிலை. எங்கள் தெருவில் எட்டு வருஷமாக ஒரே வேன்தான். ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயசு இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் ‘வேன் மாமா’. தூங்கி விழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு வந்து வீட்டில் விடுகிற மனுஷன். அவரைக் குறை சொல்ல தெருவில் ஒருத்தர் கிடையாது. நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னால் வண்டியைப் பார்க்க வேண்டாமா? மே மாதம் சேர்க்கச் சொல்லப் போனபோதே வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். நம்பர் பிளேட் மஞ்சள்தான், கறுப்பு எழுத்து. அந்த வரைக்கும் சரி. (இதை எல்லோரும் கவனியுங்கள். வெள்ளை பிளேட் என்றால் அது சொந்த உபயோக வண்டி. அதைக் கூலிக்கு ஓட்ட பர்மிட் கிடையாது. சொந்த வண்டிக்குப் போட்ட இன்சூரன்ஸும் கூலிக்கு ஓட்டினால் கைகொடுக்காது. தெரிந்தவர் வண்டிதானே என்று அதில் பத்துப் பிள்ளைகளை அடைத்து அனுப்புகிறோம்.) உடம்பில் எழுதியிருந்த எப்.சி. தேதி மட்டும் அழிந்தும் அழியாமலும் இருந்தது. வீட்டுக்கு வந்து செல்போனில் எம்-பரிவாஹன் என்ற அரசாங்கச் செயலியில் வண்டி நம்பரைப் போட்டேன. இன்சூரன்ஸ் இருந்தது. எப்.சி. முடிந்து நாலு மாசம் ஆகியிருந்தது!

மறுநாள் கேட்டேன். “அண்ணே, எப்.சி. ஜனவரியோட முடிஞ்சிருக்கே?” என்றேன். அவர் முகம் சுண்டிப் போனது. “இல்லன்னு சொல்லலம்மா. பாடி வேலை இருக்கு, டயர் ரெண்டு மாத்தணும். அதைச் செய்யாம கொண்டு போனா திருப்பி அனுப்பிடுவாங்க. வட்டி கட்டவே சரியா இருக்கு. ஸ்கூல் திறந்து ரெண்டு மாச காசு வந்தா முடிச்சிடறேன்” என்றார். பொய் சொல்லவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு கதவைத் திறந்து, தரையில் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். படிக்குப் பக்கத்தில், பிள்ளைகள் பையை வைத்துக் காலை ஊன்றும் இடத்தில், தகரம் துருப்பிடித்து அப்பளமாக இருந்தது. விரலால் அமுக்கினால் நொறுங்கியது. தாம்பரத்துக் குழந்தைதான் ஞாபகத்துக்கு வந்தது.

தெருவில் பதினோரு பிள்ளைகள் அந்த வேனில் போகின்றன. அம்மாக்களை எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லோரும் “ஆமா ஆமா” என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். “இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலியே”, “அந்த மனுஷன் வயித்துல அடிக்கிறியே”, “வேன் நின்னா யாரு கொண்டு போய் விடுவா? எனக்கு எட்டு மணிக்கு டூட்டி” என்று ஆளுக்கொரு பேச்சு. கடைசியாகச் சொன்னவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், அவர் கஷ்டம் நிஜம். ஒருத்தர் மட்டும், “உன் பொண்ணு ஏறுறதுக்கு முன்னாடியே அதிகாரமா?” என்று எழுந்தே போய்விட்டார். இன்று வரை அவர் என்னிடம் பேசுவதில்லை. அப்போது உள்ளேயிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார்: “பால்ல தண்ணி இருக்கான்னு தெனம் சண்டை போடுறோம். புள்ளைங்க ஏறுற வண்டியில தரை இருக்கான்னு கேக்கக் கூடாதாடி?” திண்ணை கொஞ்சம் அமைதியானது.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு புகார் எழுதிப் போட்டிருக்கலாம். அது நமக்கு இருக்கிற உரிமை, யாரும் தடுக்க முடியாது. ஆனால் வண்டியைப் பிடித்து நிறுத்திவிட்டால் அந்தக் குடும்பம் தெருவுக்கு வரும், பிள்ளைகள் அடுத்த நாளே ஓர் ஆட்டோவில் பன்னிரண்டு பேராகத் தொங்கும். ஆகவே வேறு வழி பேசினோம். ஒன்பது வீட்டார் ஜூன், ஜூலை இரண்டு மாதப் பணத்தை மே மாதமே முன்பணமாகக் கொடுத்தோம். அவர் வண்டியைப் பட்டறையில் விட்டு, தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு போட்டார். பிரேக் லைனிங் மாற்றினார், டயர் இரண்டு புதுசு. தகட்டை வெல்டிங் வைப்பதற்கு முன்னும் பின்னும் நானும் இன்னொரு அம்மாவும் நேரில் போய்ப் பார்த்தோம். பட்டறைக்காரர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

எப்.சி.க்கு வண்டியைக் காட்ட வேண்டிய நாள் ஜூனில்தான் கிடைத்தது. பள்ளி திறந்து முதல் நாலு நாள் வேன் கிடையாது. இரண்டு அப்பாமார், ஒரு தாத்தா, டவுன் பஸ் என்று முறை போட்டுச் சமாளித்தோம். ஆஸ்பத்திரி அம்மாவின் பையனை நான் என் பெண்ணோடு வைத்துக் கொண்டேன். ஐந்தாம் நாள் சான்றோடு வேன் வந்தது. அதன் பிறகுதான் என் பெண் ஏறினாள். மாதச் சம்பளத்தில் நூற்றைம்பது ரூபாய் ஏற்றிவிட்டார். முணுமுணுப்பு இருக்கிறது. கொடுக்கிறோம்.

நீங்களும் பார்ப்பதாக இருந்தால், சான்று இருக்கிறது என்பதோடு நிறுத்திக் கொள்ளாதீர்கள். தாம்பரம் பஸ்ஸுக்கும் சான்று இருந்ததே! மேட்டைத் தூக்கிப் பாருங்கள். டயர் பள்ளங்களுக்கு நடுவில் ஆங்காங்கே சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். கதவு உள்ளிருந்து குழந்தை கை பட்டுத் திறந்து கொள்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, சீட்டுக்கு அடியில் நம் சமையலறையில் இருக்கிற அதே சிவப்பு சிலிண்டர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வீட்டு கேஸில் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். முறையாக கேஸ் டேங்க் பொருத்திய வண்டி என்றால் அது ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகி இருக்கும். பள்ளிக்கூடத்தின் சொந்த பஸ்ஸில் பிள்ளையை அனுப்புகிறவர்கள், பெற்றோர் பிரதிநிதியோடு போக்குவரத்துக் குழு இயங்குகிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

வேன் கதையோடு, நம் வீட்டு ஸ்கூட்டியையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டிக்கு எப்.சி. வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். முடிகிற தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். என்னுடையது 2008-இல் வாங்கியது. 2023-இல் புதுப்பித்தேன். படிவம் 25, ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, இவ்வளவுதான். 2022 ஏப்ரலில் இரு சக்கர வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆக்கியிருந்தார்கள், பசுமை வரி தனி. வாசலில் ஒரு புரோக்கர், “நீங்க வர வேண்டாம்மா, நாலாயிரம் கொடுங்க, வீட்டுக்கே வரும்” என்றார். நான் என் கைப்படவே செய்தேன். ஆய்வாளர் சேசிஸ் நம்பரை ஒப்பிட்டு, பிரேக், லைட், இண்டிகேட்டர் பார்த்து, பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டார். 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு இன்னும் கூட்டிவிட்டார்கள், இரு சக்கர வண்டிக்கு 2,000 ரூபாய். பழைய வண்டியைப் பாசத்துக்காக வைத்திருப்பவர்கள் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

எந்த ஆபீசுக்குப் போவது என்று குழம்ப வேண்டாம். வீட்டு முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த ஆபீஸ். எங்கள் ஊரிலேயே டி.என். 45 மேற்கு, 48 ஸ்ரீரங்கம், 81 கிழக்கு என்று மூன்று இருக்கின்றன. கல்யாணமாகி ஊர் மாறியவர்கள் முதலில் ஆர்.சி.யில் முகவரியை மாற்றிவிடுங்கள்.

புகைச் சான்று விஷயத்தில்தான் எனக்கு ஆத்திரம். வண்டி வாங்கி ஒரு வருஷம் ஆன பின் இது கட்டாயம். பழைய வண்டிக்கு ஆறு மாதம் செல்லும், பி.எஸ். 4, பி.எஸ். 6 வகை வண்டிக்கு ஒரு வருஷம். பேட்டரியில் ஓடும் வண்டிக்குத் தேவையில்லை. இல்லாமல் பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. சோதனை நிலையங்கள் பெட்ரோல் பங்க்குகளிலேயே இருக்கின்றன. பரிவாஹன் இணையதளத்தில் நம் பகுதிப் பட்டியலைப் பார்க்கலாம். நான் போன ஓர் இடத்தில், “வண்டி எதுக்குக்கா, நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, சர்ட்டிபிகேட் ரெடி” என்றார்கள். சோதிக்காமல் கொடுக்கிற சான்று யாருக்கு வேண்டும்? வேறு நிலையத்துக்குப் போனேன். சைலன்சருக்குள் குழாயை விட்டுப் பார்த்தார்கள். கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய வண்டியில் அதற்கு மேல் காட்டியது. மெக்கானிக் ஏர் பில்டரைச் சுத்தம் செய்து, பிளக் மாற்றி, கார்பரேட்டரைச் சரி செய்தார். மறுபடி போய்ச் சான்று வாங்கினேன். அதற்குப் பிறகு வண்டி பெட்ரோலும் குறைவாகக் குடிக்கிறது.

இப்போது எங்கள் வீட்டு தினசரி காலண்டரின் அட்டையில், கேஸ் புக் பண்ணிய தேதிக்குக் கீழே, வேன் எப்.சி., வேன் இன்சூரன்ஸ், ஸ்கூட்டி புகைச் சான்று என்று மூன்று தேதிகள் எழுதியிருக்கிறேன். வேன் மாமாவே போன வாரம் கேட்டார், “அம்மா, புகைக்கு எப்ப காட்டணும்னு பார்த்துச் சொல்லுங்க” என்று.

உங்கள் ஊரில் வேன் வைத்திருக்கும் அம்மாக்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? முன்பணம் கொடுக்காமல் வேறு வழி இருந்தால் எழுதுங்கள், எங்கள் தெருவுக்கு உதவும்.

— ஒரு வாசகி, திருச்சி.