மண்ணுக்குள் ஒரு பண்டமாற்று!

குட்டீஸ், கிழக்குத் தாம்பரத்தில் காடு போல மரங்கள் சூழ்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைப் பார்த்திருக்கிறீர்களா? 1937ல் கல்லூரி இங்கே வந்தபோது, மரம் நடுவதில் முன்னின்றவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் பேராசிரியர் என்பதுதான் வேடிக்கை!

இதுபோன்ற மரங்களின் வேரில் குடியிருப்பவை வேர்ப்பூஞ்சைகள். தலைமுடியைவிட மெல்லிய இழைகளை நீட்டி, வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தை எடுத்து மரத்துக்குத் தரும். சும்மா அல்ல; மரம் இலையில் தயாரித்த சர்க்கரைதான் கூலி! வேம்பு, புளி என்று பேதம் பார்க்காமல், ஒரே பூஞ்சை பல மரங்களோடு கூட்டு சேரும். அருகில் முளைக்கும் கன்றையும் சேர்த்துக்கொள்ளும்.

வீடு கட்ட மேல்மண்ணை வழித்தால், இழைகளும் லாரியேறிவிடும். பிறகு அங்கே நடும் கன்று கூட்டாளியின்றித் திணறலாம். பழைய மரத்தடி மண் ஒரு பிடியைக் குழியில் போட்டால், பூஞ்சையும் கூடவே குடியேறும்.

சருகுக்கடியில் தெரியும் வெள்ளை இழைகள் பெரும்பாலும் வேறு பூஞ்சைகள். இவற்றைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும்!