ஏர்வாடிக் கரையில் ஆட்டுக்கு முறை மேய்ச்சல்: இரண்டு ஏக்கர் தரிசில் என்ன செய்யலாம்?

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆடு வளர்ப்போருக்கு ஒரு விசித்திரமான தொல்லை உண்டு. புல் நன்றாக வளரும் காலத்தில்தான் இங்கு மேய்ச்சல் நிலம் சுருங்கிவிடுகிறது.

மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடுகிறது. அதற்கு முன்பே, ஆவணி புரட்டாசியில், புழுதியில் நெல் விதைத்துவிடுகிறார்கள். மிளகாய்க்கும் நிலம் தயாராகிவிடும். பயிர் நிற்கிற வயல் பக்கம் ஆடு தலைகாட்டக் கூடாது. ஆகவே தை, மாசி அறுவடை வரை ஊர் ஆடுகள் அனைத்தும் கண்மாய்க் கரையிலும், புறம்போக்கிலும், அவரவர் தரிசிலும் நெருக்கியடித்து மேய வேண்டியிருக்கிறது. முளைத்து இரண்டு விரல்கடை எழும்புவதற்குள் புல்லைக் கடித்துவிடுகின்றன. கடித்த புல் மறுபடி துளிர்க்கிறது. மறுநாளே அதையும் கடிக்கின்றன. வேரில் சேமித்த சத்து தீர்ந்து நல்ல புல் மாய்ந்துபோகிறது. ஆடு தொடாத செடிகளும் நெருஞ்சியும் மிஞ்சுகின்றன. பங்குனி பிறந்ததும் இலைதழைக்கு அலைய வேண்டியதுதான்.

ஏர்வாடி, கீழக்கரை, சேதுக்கரை வட்டாரத்தில் பத்து இருபது உருப்படி செம்மறியும், நாலைந்து வெள்ளாடும், ஒன்றிரண்டு ஏக்கர் மணல் தரிசும் உள்ளவர்களுக்காகவே இக்கட்டுரை. நூற்றுக்கணக்கான ஆடுகளோடு தஞ்சைப் பக்கம் கிடை போடப் போகும் கீதாரிகளின் கணக்கு வேறு. அவர்கள் புல்லைத் தேடி ஆட்டை நகர்த்துகிறார்கள். நாம் இருந்த இடத்திலேயே புல்லுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

கொங்கு நாட்டுக் கொரங்காடு

நிலத்தைப் பகுத்து, ஒன்றை மேயவிட்டு மற்றவற்றை மூடி வைப்பதற்கு முறை மேய்ச்சல் அல்லது சுழற்சி மேய்ச்சல் என்று பெயர். பிரான்ஸ் நாட்டு ஆந்த்ரே வுவாசான் என்பவர் 1957இல் இதைப்பற்றி நூல் எழுதினார். கடித்த புல் துளிர்த்ததும் அதே சுற்றில் மறுபடி வாய்படக் கூடாது, அடுத்த மேய்ச்சலுக்குள் அது முழுதாக வளர்ந்துவிட வேண்டும் என்பதே அவருடைய விதிகளின் சாரம். ஆனால் இதற்காக நாம் பிரான்சு வரை போக வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் போனால் போதும்.

அங்கே கொரங்காடு என்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. மானாவாரி நிலத்தைச் சில ஏக்கர் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டிருக்கிறார்கள். உள்ளே கொழுக்கட்டைப்புல், ஊடே வெள்வேல மரங்கள். காங்கேயம் மாடும் மேச்சேரி செம்மறியும் ஒரு துண்டில் மேய்ந்து முடித்த பிறகு அடுத்த துண்டுக்குப் போகின்றன. மழை விழுந்து நிலம் பச்சை கட்டியவுடனே திறந்துவிட மாட்டார்கள். புல் தூர் கட்டட்டும் என்று காத்திருப்பார்கள். மரம் நிழலும் தரும், கோடையில் நெற்றும் உதிர்க்கும். நம் பகுதியைவிட மழை அதிகம் என்று சொல்ல முடியாத சீமை அது. அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்காது?

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அவர்களுக்குத் துண்டு பெரிது, நமக்குச் சிறிது. ஆகவே ஆட்டுக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு

இருபத்தைந்து கிலோ எடையுள்ள பெட்டை ஆட்டுக்கு நாளொன்றுக்கு சுமார் மூன்றரை கிலோ பசும்புல் வேண்டும். 20 ஆட்டுக்கு 70 கிலோ. இனி, உங்கள் நிலத்தில் எவ்வளவு இருக்கிறது? மீட்டருக்கு மீட்டர் குச்சி நட்டு, அந்தச் சதுரத்துப் புல்லைத் தரையை ஒட்ட அறுத்து நிறுத்துப் பாருங்கள். நல்ல இடம், மோசமான இடம் என்று நாலைந்து இடத்தில் அறுத்துச் சராசரி எடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, சதுர மீட்டருக்கு 300 கிராம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியைத்தான் ஆட்டுக்கு விட வேண்டும். மறுபாதி புல்லின் உயிருக்கு. அரை ஏக்கர், அதாவது 50 சென்டு, சுமார் 2,000 சதுர மீட்டர். அதில் ஆட்டுக்கு உரியது 300 கிலோ. 20 ஆட்டுக்கு அது நாலு நாளைக்கு வரும். இரண்டு ஏக்கரை நாலாகப் பிரித்தாலும் பதினாறு பதினேழு நாளில் சுற்று முடிந்துவிடும். ஒரு துண்டுக்குக் கிடைக்கும் ஓய்வு பன்னிரண்டு பதிமூன்று நாள்தான். மழைக்காலத்திலேயே புல்லுக்கு 25 முதல் 30 நாள் ஓய்வு தேவை. ஆகவே இரண்டு ஏக்கர் மட்டும் 20 ஆட்டைத் தாங்காது. வேலி கட்டிய கையோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பாதித் தீனியை வெளியில் பார்த்துக்கொண்டால் கணக்கு சரிப்படும். பகலில் பாதி நேரம் கண்மாய்க் கரையிலோ புறம்போக்கிலோ மேய்த்து, மீதி நேரம் சொந்தத் தரிசில் விடுங்கள். இப்போது நிலத்தின் மேல் விழும் பாரம் நாளைக்கு 35 கிலோ. இரண்டு ஏக்கரை 25 சென்டு வீதம் எட்டுத் துண்டாக்கினால், துண்டுக்கு நாலு நாள், முழுச் சுற்று 32 நாள், ஓய்வு 28 நாள். மழை இடையில் நின்றுவிட்டால் சுற்றை மெதுவாக்க வேண்டும், அல்லது வளர்ந்த கிடாக்களை விற்றுப் பாரத்தைக் குறைக்க வேண்டும். பக்ரீத் சமயத்தில் கிடாய்க்கு விலை கிடைப்பதால், விற்கிற நாளை அதை ஒட்டி முன்னதாகவே யோசித்து வைப்பது நல்லது.

நாள் கணக்கை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். புல் ஒரு சாண் உயரம் வந்தால் உள்ளே விடலாம். நாலு விரல்கடைக்கு இறங்கியதும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

வேலி

எட்டுத் துண்டுக்கும் கம்பிவேலி போட்டால் ஆட்டின் விலையை விட அது அதிகமாகும். வெளிச்சுற்றுக்குப் பனங்கருக்கு மட்டையும் உடைமுள்ளும் இங்கேயே கிடைக்கின்றன. உட்பிரிவுக்கு நாலு குச்சியும் கயிறும், ஒரு மேய்ப்பாளும் போதும். செம்மறி ஓரளவு கட்டுப்படும். வெள்ளாடு கயிற்றை மதிக்காது. அதைத் தனியே உடைமரத்தடிக்கு ஓட்டிப்போவதே உத்தமம். கொடி ஆடு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தண்ணீரை மறந்துவிட வேண்டாம். கடலோரக் கிணறு பலவற்றில் உப்பு ஏறியிருக்கிறது. குடிக்கத் தகுந்த நீரைத் தொட்டியில் ஊற்றி, மேயும் துண்டின் ஓரத்தில் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடம் மிதிபட்டு மொட்டையாகிவிடும்.

புழுவும் துள்ளுமாரியும்

முறை மேய்ச்சலில் புல்லைத் தவிர வேறு ஆதாயமும் உண்டு. ஆட்டுப் புழுக்கையோடு விழும் குடற்புழு முட்டை பொரித்து, தொற்றும் நிலைக்கு வர ஈரமான காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. நாலாம் நாளே ஆடு இடம் மாறிவிட்டால் அந்தச் சுற்றில் தன் புழுவைத் தானே தின்பது குறையும். அடியோடு ஒழியாது, ஈரத்தில் புழுக்குஞ்சு பல வாரம் உயிரோடு இருக்கும். ஆகவே மருந்து கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பனி காயுமுன் ஆட்டை விடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் சரியே. ஈரம் இருக்கும் வேளையில்தான் புழுக்குஞ்சு புல் நுனிக்கு ஏறுகிறது.

மழைக்குப் பின் திடீரென்று கொழுந்துப் புல்லை வயிறு முட்டத் தின்னும் ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும். மாலையில் நன்றாக இருந்த கொழுத்த குட்டி காலையில் செத்துக் கிடக்கும். மந்தையில் நல்ல குட்டிகளையே அது பொறுக்கியெடுக்கும். மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். புதுத் துண்டைத் திறக்கும் முதல் இரண்டு நாள், கொஞ்சம் வைக்கோல் போட்ட பிறகே உள்ளே விடுங்கள்.

விதைப்பதானால்

தரிசில் நல்ல புல்லே இல்லையென்றால் புரட்டாசியில் ஒரு துண்டை மட்டும் உழுது கொழுக்கட்டைப்புல் விதைக்கலாம். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை. விதை பஞ்சுபோல் இருப்பதால் மணலோடு கலந்து தூவி, முள்கிளையை மேலே இழுத்தால் போதும். ஆழம் போனால் முளைக்காது. கூடவே முயல்மசாலைக் கலந்தால் புரதம் கிடைக்கும். அதன் விதைத்தோல் கடினமானது. கொதிக்கும் நிலைக்கு வராத, 80 டிகிரிச் சூட்டு நீரில் நாலு நிமிடம் வைத்து, பிறகு குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். உவர் பூத்த இடத்தில் முயல்மசால் எடுபடாது. மணற்பாங்கான மேட்டில் போடுங்கள். முதல் ஆண்டு விதை உதிரும் வரை அந்தத் துண்டில் ஆட்டை விடவே கூடாது. அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு துண்டையாவது விதை முற்றும்வரை மூடி வைத்தால் புல் தானே பெருகும்.

சீமைக்கருவேல் நெற்றை ஆடு விரும்பித் தின்னும், அதில் சத்தும் உண்டு. ஆனால் விதை செரிக்காமல் புழுக்கையில் வந்து முளைக்கிறது. நெற்றை முழுதாகத் தின்ற ஆட்டை மூடி வைத்த துண்டில் விட்டால் மூன்றே ஆண்டில் அது முட்காடாகிவிடும். இடித்து விதையும் நொறுங்கும்படி செய்து வைப்பதே பாதுகாப்பு. உடை நெற்றுக்கு இவ்வளவு பயம் வேண்டாம்.

தை முடிந்தால் புல் வளர்ச்சி நின்றுவிடும். அதன்பின் சுற்று என்பதற்குப் பொருளில்லை. நிற்பது காய்ந்த புல். அறுவடைத் தாளில் ஆட்டை விட்டு, இரவில் அந்த வயலிலேயே கிடை கட்டிச் சொந்தத் தரிசைச் சித்திரை வைகாசி வரை காப்பாற்றுங்கள். எட்டில் மூன்று துண்டு காய்ந்த புல்லோடு மிஞ்சினால் கோடையில் சினை ஆட்டுக்கு அது உதவும். புல் விதை, தடுப்பூசி பற்றிய விவரங்களை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும், இராமநாதபுரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விதைக்கு ஆவணியிலேயே சொல்லி வைப்பது நலம்.