கணவனை மலையிலிருந்து தள்ளிய காப்பிய நாயகி

பேருந்து நிலையக் கடையில் மாத நாவல் வாங்கிப் படித்தவர்களுக்கு இந்தக் கதை வியப்பாக இருக்காது. பெண் கொலை செய்கிறாள். வாசகர் மனமோ அவள் பக்கம் நிற்கிறது. தமிழில் இதற்கு வயது ஆயிரத்துக்கும் மேல்.

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் நாயகி பத்திரை, வணிகர் மகள். கொலைக்களத்துக்குப் போய்க்கொண்டிருந்த காளன் என்ற கள்வனை விரும்பி மணந்தாள். ஊடலில் ஒருநாள் அவனைக் கள்வன் என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போனான். சாகுமுன் உங்களை வலம்வந்து வணங்க வேண்டும் என்றாள் பத்திரை. பின்னால் வந்ததும் தள்ளிவிட்டாள். அவள் முந்தியிராவிட்டால் செத்திருப்பவள் அவள்தான்.

கதை அங்கே முடியாததுதான் இந்தக் காப்பியத்தின் பெருமை. இன்றைய திரில்லர்கள் பல, வில்லன் விழுந்ததும் முடிந்துவிடுகின்றன. பத்திரையோ வாழ்க்கையை வெறுத்துத் துறவியானாள். நாவல் மரக் கிளையை நட்டு அறிஞர்களை வாதுக்கு அழைத்தாள். பின்பு பௌத்தம் தழுவினாள். பாலி மொழி நூலான தேரிகாதையிலும் அவளுக்கு இடம் உண்டு.

நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசியில் இன்று கிடைப்பவை சில பாடல்களே. அதை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. அந்த நூலுக்கு எழுதப்பட்ட உரைதான் பத்திரையின் கதையைத் தமிழில் நமக்குக் காப்பாற்றித் தந்திருக்கிறது.