விசிலுக்கு எவ்வளவு பெரிய லேத், நாயனத்துக்கு எவ்வளவு?

எங்க தியாகதுருகம் பக்கம் மரவேலை என்றால் கள்ளக்குறிச்சி சிற்பங்கள்தான், உளி போதும். ஊதுகிற சாமானுக்குக் கடைசல் லேத் வேண்டும்.

விசிலுக்கு மேசைமேல் வைக்கிற சின்ன லேத் போதும். புல்லாங்குழலுக்கு லேத்தே வேண்டாம், மூங்கிலில் துளை தயாராக இருக்கிறது! நாகஸ்வரம்தான் சிக்கல். பாரி நாயனம் சுமார் இரண்டரை அடி. அப்போ இரண்டரை அடி லேத் போதுமேன்னு தோணும். போதாது. துளைக்கிற கம்பியும் அதே நேர்கோட்டில், கட்டைக்கு வெளியே நிற்கணும். ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம் வேண்டும். அகலம் அவ்வளவு வேண்டாம். விரிந்த அணசைத் தனியாகச் செய்துதான் மாட்டுகிறார்கள்.

கம்பியைச் சுழற்றாமல் கட்டையைச் சுழற்றினால் துளை அதிகம் கோணாது. துளையை முதலில் போட்டு, அதையே மையமாகப் பிடித்து வெளிப்புறம் கடைந்தால் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமன். வரிசை மாறினால் ஒரு பக்கம் மெலிந்து கட்டை வீணாகும்.

அந்தக் கட்டை லேசில் கிடைப்பதில்லை. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, பல வருஷம் காய்ந்த மரத்தைத்தான் தேடி வாங்குகிறார்கள்.